கணுப்பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழிக் கடைசி வந்துவிட்டாலே சொந்தக்காரப் பெண்களிடமிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். மஞ்சள் இலை கிடைக்கவில்லை, எத்தனை பிடி, குளித்துவிட்டு வைக்கலாமா, தம்பி அமெரிக்காவில் இருக்கிறானே என்று. சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் சொல்வது எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கணுப்பிடின்னா என்ன? எனக்கு ஒண்ணுமே தெரியாது, முதல்லேர்ந்து சொல்லுங்க.

பொங்கலுக்கு மறுநாள் காலையில், கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பெண்கள் காக்காய்க்கும் குருவிக்கும் சாதம் வைப்பதுதான் கணுப்பிடி. முற்றத்திலோ மொட்டைமாடியிலோ ஆற்றங்கரையிலோ கோலம் போட்டு, மஞ்சள் இலையை விரித்து, பல நிறத்தில் கலந்த சாதத்தைச் சின்னச் சின்னப் பிடியாக வரிசையாய் வைப்பார்கள்.

இதற்குச் சாஸ்திரிகள் வர வேண்டாம், ஹோமம் வேண்டாம், சமஸ்கிருத மந்திரமும் வேண்டாம். அம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பெண் கற்றுக்கொள்வதுதான். அதனாலேயே வீட்டுக்கு வீடு மாறும். பெரும்பாலும் பிராமணக் குடும்பங்களில் இருக்கும் வழக்கம் இது. மற்ற பல சமூகங்களில் பொங்கலை ஒட்டி அண்ணன் தம்பி உறவுக்கு இருக்கும் வழக்கம் வேறு; சீர் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

கணுவும் காணும் பொங்கலும் ஒண்ணுதானே?

இல்லை. கணு தை 2, அதாவது மாட்டுப் பொங்கல் அன்று. காணும் பொங்கல் தை 3. சென்னையில் மெரினாவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவது காணும் பொங்கலுக்கு. பாலமேட்டில் காளை அவிழ்த்துவிடும் அதே காலையில்தான் இங்கே மாடியில் காக்காய்க்குப் பிடி வைத்துக்கொண்டிருப்போம்.

15ஆம் தேதியா, 16ஆம் தேதியா? வருஷா வருஷம் குழப்பமா இருக்கு.

பொங்கல் என்றைக்கோ அதற்கு மறுநாள். 2025இல் பொங்கல் ஜனவரி 14, கணு 15. 2026இல் பொங்கல் 15, கணு 16. சூரியன் மகரத்துக்குள் நுழைவது அன்றைய அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றைக்கே தை பிறந்துவிடும். அஸ்தமனம் தாண்டினால் மறுநாள்தான் தை முதல் தேதி. அதனால்தான் ஒரு நாள் முன்னே பின்னே ஆகிறது. வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் அதைப் பாருங்கள், போதும்.

முதல் நாளே என்னென்ன எடுத்து வைக்கணும்?

பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுநாளுக்கு இலை அதிலிருந்துதான், கிழங்கும் அதிலிருந்துதான். கடையில் கொத்து வாங்கும்போதே இலை கிழியாமல், நீளமாக, பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பானைச் சூட்டில் பாதி வதங்கிவிடும் என்பதால் நான் இன்னொரு கொத்து தனியாக வாங்கித் தண்ணீரில் நிறுத்தி வைத்துவிடுவேன். மஞ்சள் இலை கிடைக்கவே இல்லையா, வாழை இலை நறுக்கு போதும்.

அப்புறம் பொங்கலன்று வடித்த வெள்ளைச் சாதத்தில் கொஞ்சம், சர்க்கரைப் பொங்கலில் கொஞ்சம், தயிர், மஞ்சள் பொடி, சுண்ணாம்பு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கரும்புத் துண்டு. சர்க்கரைப் பொங்கலை முதல் நாளே எல்லோரும் வழித்துத் தின்றுவிடுவார்கள். அதனால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஒளித்து வைப்பது உத்தமம்.

சிவப்பு சாதம் எனக்கு எப்பவும் பழுப்பா வருது. குங்குமம் போடலாமா?

சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு கைப்பிடி சாதத்துக்குக் கால் ஸ்பூன் மஞ்சள் பொடியும் கடுகளவு சுண்ணாம்பும் போதும். சுண்ணாம்பை நேராகச் சாதத்தில் போடாதீர்கள். முதலில் மஞ்சள் பொடியை நாலு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு அதில் தேய்த்தால் ஆரத்தி மாதிரி சட்டென்று சிவக்கும். அதன் பிறகு சாதத்தைப் போட்டுப் பிசறினால் பருக்கை பருக்கையாக நிறம் ஏறும். சாதம் உதிரியாக இருக்க வேண்டும், குழைந்திருந்தால் களிதான்.

கடைக் குங்குமம் வேண்டாம் என்பது என் கட்சி. இப்போது வருவதில் பாதிக்கு மேல் சாயம். பறவை தின்னப் போகிறது. சுண்ணாம்புக்கே மனசு வரவில்லை என்றால் பீட்ரூட் சாறு இரண்டு ஸ்பூன் விடுங்கள். பாட்டி காலத்தில் பீட்ரூட் இல்லை என்று எந்தக் காக்காயும் கோபித்துக்கொள்ளாது.

எத்தனை பிடி வைக்கணும்? ஒருத்தர் அஞ்சுங்கிறா, ஒருத்தர் பதினொண்ணுங்கிறா.

ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் எல்லா வீட்டிலும் பொது. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று எதுவும் சரி. ஒரு நிறத்துக்கு ஒரு வரிசை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம் என்று ஐந்து வரிசை வரும். வீட்டில் நாலு பெண்கள் இருந்தால் நாலு பேரும் அவரவர் பங்கைத் தனித்தனியாக வைப்பார்கள். பிடி நெல்லிக்காய் அளவுதான். பெரிதாகப் பிடித்தால் இலையில் இடமும் இருக்காது, சாதமும் வீண்.

வைக்கும்போது ஏதாவது சொல்லணுமா?

“காக்காப்பிடி வச்சேன், கணுப்பிடி வச்சேன்” என்று சொல்லிக்கொண்டே வைப்பது வழக்கம். “காக்காய்க்கும் குருவிக்கும் கல்யாணம்” என்று சிலர் சேர்த்துக்கொள்வார்கள். “காக்காக் கூட்டம் கலைஞ்சாலும் எங்க கூட்டம் கலையக் கூடாது” என்பது என் காதில் விழுந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி. இது எதுவும் நினைவுக்கு வரவில்லையென்றால் கூடப் பிறந்தவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லி, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வையுங்கள். முடிந்ததும் தண்ணீர் சுற்றி, கற்பூரமோ ஆரத்தியோ காட்டி, கிழக்கு முகமாக ஒரு நமஸ்காரம்.

குளிக்காமலா வைக்கிறது? கேட்கவே ஒரு மாதிரி இருக்கே!

ஆமாம், பல்லைத் தேய்த்துவிட்டு, குளிப்பதற்கு முன்னாடி. மற்ற எல்லா விசேஷத்துக்கும் எண்ணெய் தேய்த்துக் குளி, மடி உடுத்து என்று விரட்டும் அதே மாமியார் இன்றைக்கு மட்டும் “குளிச்சுடாதேடி” என்று எழுப்புவார். முதல் நாள் சாதத்தைக் கையால் பிசைவது பத்து, அதாவது சமைத்த சாதம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வகைத் தீட்டு. பத்துக் கையோடு எப்படியும் குளிக்கத்தான் வேண்டும், அதனால் வேலையை முடித்துவிட்டே குளி என்று எங்கள் பாட்டி காரணம் சொல்வார். தெரியாமல் குளித்துவிட்டு வைத்தால் தோஷம் ஒன்றும் இல்லை. பிடி வைத்த பிறகு இன்னொரு தரம் குளித்துவிடுங்கள், தீர்ந்தது.

மஞ்சள் கீறிக்கிறதுங்கிறது இதோட சேர்ந்ததா, தனியா?

சேர்ந்ததுதான். பிடி வைப்பதற்கு முன்னால், வீட்டில் மூத்த சுமங்கலியிடம் பச்சை மஞ்சள் கிழங்கைக் கொடுத்து நெற்றியில் கீறிவிடச் சொல்ல வேண்டும். கிழங்கை நகத்தால் கொஞ்சம் கிள்ளினால் ஆரஞ்சு நிறத்தில் சாறு வரும். அந்த முனையால் நெற்றியிலிருந்து மேல் நோக்கி ஒரு கீற்று, சில வீடுகளில் கன்னத்திலும். கீறும்போதே சீரோடு இரு, சிறப்போடு இரு, பேரோடு இரு, புகழோடு இரு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பெரியவர் உற்சாகமாக இருந்தால் கொள்ளுப்பேரன் வரைக்கும் போகும்.

வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் எதிர் வீட்டு மாமியிடம் போய் நில்லுங்கள். அந்தக் காலத்தில் தெரு முழுக்கப் போய்க் கீறிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அந்தக் கறை சாயங்காலம் வரை போகாது. ஆபீஸ் போகிறவர்கள் அதற்குத் தயாராக இருக்கவும்.

காக்காய் வரவே இல்லை. தம்பிக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

ஒன்றும் ஆகாது. அன்றைக்கு ஊரில் உள்ள மாடியெல்லாம் இலை விரித்திருக்கிறது. காக்காய்க்கு அத்தனை வயிறா? மைனா, அணில், எறும்பு எது தின்றாலும் கணக்கில் சேர்த்தி. பதினோரு மணிக்குப் பார்த்தால் இலை காலியாகியிருக்கும். வெயிலுக்கு முன்பே, ஆறு ஏழு மணிக்குள் வைத்தால் சீக்கிரம் வரும். காக்காய் வராததைச் சகுனமாக எடுத்துக்கொண்டு தம்பிக்கு போன் போட்டுப் பயமுறுத்தாதீர்கள்.

அமாவாசைக்குப் பித்ருக்களுக்குத்தானே காக்காய்க்கு வைப்போம்? நல்ல நாளும் அதுவுமா அதையே ஏன் வைக்கிறோம்?

அமாவாசையன்று வைக்கும்போது காக்காய் முன்னோர் இடத்தில் இருக்கிறது. கணுவன்று அதைப் பார்ப்பது கூடி வாழும் பறவையாக. சோறு கண்டதும் கரைந்து மற்றதைக் கூப்பிட்டுவிட்டுத் தின்கிற பழக்கம் அதற்கு உண்டு. அதே மாதிரி எங்கள் கூட்டமும் இருக்கட்டும் என்றுதான் முன்னால் சொன்ன வரியில் வேண்டிக்கொள்கிறோம். இது துக்கக் காரியம் அல்லவே அல்ல. கோலம், மஞ்சள், புதுப்புடவை எல்லாம் உண்டு.

மதியத்துக்கு என்ன சமையல்?

சித்ரான்னம். எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, தயிர் சாதம், கூட ஒரு அவியலோ மோர்க்கூட்டோ, வடாம். சர்க்கரைப் பொங்கல் மீந்திருந்தால் அது. சாம்பார் ரசம் அன்றைக்குக் கிடையாது.

எனக்கு அண்ணன் தம்பியே கிடையாது. நான் வைக்கலாமா?

தாராளமாக. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் உண்டு. அக்கா தங்கைக்காக வேண்டிக்கொள்வதையும் யாரும் தடுக்கவில்லை. சின்னப் பெண் குழந்தைகளைக் கட்டாயம் உட்கார வையுங்கள். பிடி வைக்கக் கையில் சாதத்தைக் கொடுத்துவிட்டால் அதுகள் பாட்டுக்கு வேலையை முடித்துவிடும்.

கல்யாணம் ஆகி முதல் கணு. பொறந்த வீட்டிலயா, புகுந்த வீட்டிலயா?

இரண்டும் சரி. முதல் வருடம் பெண்ணை அழைத்து வந்து தங்கள் வீட்டில் செய்ய வைப்பது பல குடும்பங்களில் உண்டு. புகுந்த வீட்டில் இருந்தால் மாமியார், நாத்தனாரோடு சேர்ந்து வைப்பீர்கள். அவரவர் வேண்டுதல் அவரவர் கூடப் பிறந்தவர்களுக்கு. நாத்தனார் உங்கள் வீட்டுக்காரருக்காக வைக்க, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் தம்பிக்கு வைப்பீர்கள். நிறக் கலவை விஷயத்தில் மட்டும் அங்கே அவர்கள் சொல்கிறபடி செய்துவிடுவது சமாதானத்துக்கு நல்லது.

இது நம்ம ஊர் ரக்‌ஷா பந்தன்னு சொல்லலாமா?

வேண்டுதல் ஒன்று, முறை வேறு. ரக்‌ஷா பந்தன் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் பௌர்ணமியில், அண்ணன் தம்பி மணிக்கட்டில் ராக்கி கட்டுவது. இங்கே வீட்டு ஆண்கள் பூணூல் மாற்றிக்கொண்டிருக்கும்போது வடக்கே ராக்கி கட்டிக்கொண்டிருப்பார்கள். தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வரும் துவிதியையில் வடக்கே பாய் தூஜ். யமன் தங்கை யமுனை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட நாள் என்று கதை. மதுராவில் விஸ்ராம் காட்டில் அண்ணன் தங்கைகள் சேர்ந்து நீராடுவார்கள். வங்காளத்தில் அதுவே பாய் போட்டா. நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது நேபாளம். அங்கே திகார் என்று ஐந்து நாள் பண்டிகை. முதல் நாள் காக்காய்க்குச் சாதம், ஐந்தாம் நாள் பாய் டீகா; கூடப் பிறந்தவன் நெற்றியில் ஏழு நிறத்தில் திலகம். காக்காய், பல நிறம், சகோதரன் மூன்றும் அங்கேயும் சேர்ந்து வருகின்றன. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லவில்லை, ரசிக்கிறேன், அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றிலும் சகோதரன் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். கணுவுக்கு அவன் வர வேண்டாம், அன்றைக்குக் கணு என்றே அவனுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

அன்னிக்கு நான் ஆத்துல விலகி இருக்கற நாள். தீட்டு வந்தா என்ன பண்றது?

பழைய முறைப்படி மாதவிலக்கு நாளில் வைப்பதில்லை. உங்களுக்காக வீட்டில் வேறு பெண் ஒரு வரிசை சேர்த்து வைப்பாள். இப்போது அதைப் பார்க்காத வீடுகளும் நிறைய. பூஜை அறைக்குள் போகிற காரியமே இல்லை இது. உங்கள் வீட்டுக்கு எது சரியோ அப்படி.

புகுந்த வீட்டுப் பங்காளிகளில் சாவு நேர்ந்த வருஷம் பெரும்பாலும் பண்டிகை கிடையாது, கணுவும் கிடையாது. எந்த உறவுக்கு எவ்வளவு காலம் என்பதை உங்கள் வீட்டுச் சாஸ்திரிகளிடம் கேளுங்கள். பொதுவாகச் சொல்லப் போனால் தப்பாகிவிடும்.

அப்பா போனதுக்கப்புறம் அம்மா கணு வைக்கறதையே நிறுத்திட்டா. வைக்கக் கூடாதா?

வழக்கம் சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும் என்றுதான் சொல்கிறது. எனக்கு அது விளங்கவில்லை. வேண்டுதல் கணவனுக்காக இல்லையே. எண்பது வயது அக்காவுக்கு எழுபத்தைந்து வயதுத் தம்பி இருக்கிறார். கணவர் போனதால் தம்பி எங்கே போனார்? மஞ்சள் கீறிக்கொள்வதில்தான் பலருக்குத் தயக்கம். அதை வேண்டுமானால் விட்டுவிட்டுப் பிடி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து “எத்தனை வரிசைம்மா?” என்று கேளுங்கள், கை தானாக வரும்.

நாங்க இருக்கறது பத்தாவது மாடி. வெளிநாட்டுல இருக்கறவங்க என்ன பண்றது?

அபார்ட்மெண்ட் என்றால் பால்கனியில் தாம்பாளத்தில் இலை போட்டு வையுங்கள். புறாத் தொல்லை என்று சங்கத்தில் சண்டை வரும் என்றால் கீழே தோட்டத்தில் மரத்தடியில் வைத்து, மதியம் இலையை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம்.

வெளிநாட்டில் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். மேலே சொன்ன அஸ்தமனக் கணக்கால், இந்தியாவில் தை பிறப்பதற்கு முதல் நாளே அமெரிக்காவில் பிறந்துவிடும் வருடங்கள் உண்டு. சிங்கப்பூரில் புறாக்களுக்கும் காட்டுயிர்களுக்கும் தீனி போடுவது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. அங்கே இருப்பவர்கள் சுவாமி முன்னால் இலையில் வைத்து வேண்டிக்கொண்டு, அப்புறம் பூந்தொட்டி மண்ணில் சேர்த்துவிடலாம். பனி கொட்டும் ஊரில் ஜன்னல் திட்டில் வைத்தாலே போதும்.

கணு சீர் எவ்வளவு கொடுக்கணும்? என் தம்பி ஜிபேல ஐநூத்தி ஒண்ணு அனுப்பிட்டு முடிச்சுட்டான்!

அனுப்பினானே! தொகைக்கு வரையறை கிடையாது. மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, பழத்தோடு முடிந்ததைக் கொடுப்பதுதான் முறை. கணுவுக்கு அண்ணன் தம்பி கொடுக்கும் இந்தப் பணத்தைப் பல வீடுகளில் பெண்கள் தனியாகச் சேர்த்து வைப்பார்கள், வீட்டுச் செலவுக்குத் தொட மாட்டார்கள். தெற்கு மாவட்டங்களில் பொங்கல் படி என்று அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, காய்கறி எல்லாம் கட்டிக்கொண்டு அண்ணன் தங்கை வீட்டுக்கு வருவார். தலைப்பொங்கல் என்றால் பானையும் சேர்ந்து வரும். எதிர் வீட்டுக்கு இரண்டு கரும்புக் கட்டு வந்ததே என்று ஒப்பிட ஆரம்பித்தால்தான் வம்பு. மாமியார் வீட்டில் பேச்சு வரும் என்று தம்பியைக் கடன் வாங்க வைக்காதீர்கள்.

அண்ணனோட பேசி ஆறு வருஷம் ஆச்சு. அவனுக்காக நான் ஏன் வைக்கணும்?

வைக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரக்‌ஷா பந்தன் கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: அவன் முகத்தைப் பார்க்காமலே செய்யக்கூடியது இது. பெயரைச் சொல்லி ஒரு பிடி வைத்துவிட்டுச் சண்டையைத் தொடரலாம். அப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். மனசு வரவில்லையா, மற்றவர்களுக்கு வையுங்கள்.

வருஷா வருஷம் சீர் வாங்கிட்டேன். அதனால சொத்துல பங்கு கேட்க முடியாதுன்னு சொல்றாங்களே?

இது பண்டிகைக் கேள்வி இல்லைதான், ஆனால் காதோடு காதாக அதிகம் கேட்கப்படுவது இதுதான். சீர் வாங்கினால் உரிமை போகாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் இல்லாவிட்டால் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சம பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்விகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் பெண்களுக்குச் சம உரிமை கொடுத்தது; ஆனால் அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்று ஒரு விலக்கு இருந்தது. 2005 மத்தியச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பேதம் இல்லை. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தாலோ கோர்ட் தீர்ப்பால் பாகம் பிரிந்திருந்தாலோ அதைக் கிளற முடியாது.

பெரும்பாலும் உரிமை போவது, என் பங்கு வேண்டாம் என்று நீங்களே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான். அதனால் சீர்த் தட்டோடு கையெழுத்துக்கு ஒரு தாளும் வந்தால், தட்டை வாங்கி உள்ளே வையுங்கள். தாளை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள்.